மக்கள் அமைப்பில் கல்வி: களப்பணிக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு குடியிருப்பின் மக்களோ ஒரே தொழிலைச் செய்பவர்களோ தங்கள் பொதுப் பிரச்சினைக்காக ஒன்றுசேரத் தொடங்கும்போது, அவர்களோடு பணியாற்ற வரும் புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்ணங்களில் ஒன்றோடு வருகிறார்கள். மக்களுக்கு விவரம் தெரியவில்லை, எடுத்துச் சொன்னால் எழுந்துவிடுவார்கள் என்பது ஒன்று. படிப்பும் வகுப்பும் நேரத்தை விழுங்கும், நேராகப் போராட்டத்தில் இறங்கிவிட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் எண்ணம் ஒவ்வொரு கூட்டத்தையும் சொற்பொழிவாக மாற்றிவிடும். இரண்டாவது எண்ணம் முதல் தோல்வியிலேயே கலைந்துபோகும் கூட்டத்தை உருவாக்கும். இவ்வழிகாட்டி இரண்டுக்கும் அப்பாற்பட்ட ஒரு வேலைமுறையை, செய்ய வேண்டிய வரிசையிலேயே விளக்க முயல்கிறது.

இங்கே கல்வி என்று நாம் குறிப்பிடுவது, மக்கள் தம் அனுபவத்தைப் பிறர் அனுபவத்தோடு ஒப்பிட்டு, சான்றோடு சரிபார்த்து, அடுத்து எடுக்க வேண்டிய முடிவுக்குத் தேவையானதைக் கற்று, அம்முடிவைச் செயல்படுத்தி, நடந்ததிலிருந்து மீண்டும் கற்கும் தொடர்வேலையாகும். முடிவு எதையும் எதிர்நோக்காத வகுப்பு, அமைப்பின் பார்வையில், எவ்வளவு சுவையாக இருந்தாலும் பொழுதுபோக்குதான். இந்த ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் பின்வரும் படிகளில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதை அந்தந்த இடத்தில் நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

முதற்படி: கற்பிக்கும் முன் கேட்டல்

முதல் சில வாரங்களில் கூட்டம் எதையும் கூட்டாதீர்கள். வீடு வீடாகவும் வேலையிடத்திலும் தனித்தனியாக மக்களைச் சந்தித்து உரையாடுங்கள். அச்சிட்ட வினாப்பட்டியலை ஏந்திச் சென்றால் மக்கள் உங்களைக் கணக்கெடுப்பாளராகவே கருதி, கணக்கெடுப்பாளருக்குச் சொல்லும் பதிலையே சொல்வார்கள். அதற்கு மாறாக மூன்று செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டு இயல்பாகப் பேசுங்கள். அவர்களை உறுத்திக்கொண்டிருப்பது எது? அதைத் தீர்க்க இதற்கு முன் யார் என்ன செய்து பார்த்தார்கள், அது ஏன் நின்றுபோனது? சிக்கல் வந்தால் இங்குள்ளவர்கள் யாரிடம் போய் யோசனை கேட்கிறார்கள்?

மூன்றாவது கேள்வியைப் புதியவர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. ஆனால் அதுவே அதிகம் பயன் தருவது. மனு எழுதித் தருபவர், பிரசவத்துக்குத் துணைக்கு அழைக்கப்படுபவர், சண்டையை விலக்கிவிடுபவர் என்று ஒவ்வோர் இடத்திலும் பதவி எதுவும் இல்லாத சிலர் இருப்பார்கள். மேடையில் நன்றாகப் பேசுபவரை விட இவர்கள் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். பின்னாளில் படிப்பு வட்டங்களை, அதாவது சிறு குழுவாகக் கூடிக் கற்கும் சந்திப்புகளை, நடத்தப்போகிறவர்களும் இவர்களே.

மக்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சொற்களையும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1963-இல் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு புகட்டும் திட்டத்தை நடத்தியபோது, அகரவரிசையிலிருந்து தொடங்கவில்லை. அவருடைய குழு முதலில் மக்களோடு பழகி, அவர்கள் வாழ்க்கையில் பொருள் கனத்த சொற்களைத் திரட்டியது. செங்கல் போன்ற ஒரு சொல்லின் அசைகளைப் பிரித்துச் சேர்த்து எழுத்தைக் கற்ற அதே வேளையில், அந்தச் செங்கல்லை யார் செய்கிறார்கள், வீடு யாருக்குக் கிடைக்கிறது என்ற பேச்சும் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அன்றைய பிரேசிலில் வாக்குரிமை இல்லை என்பதால், அந்த எழுத்தறிவு நேரடியாக அரசியல் ஆற்றலாக மாறக்கூடியதாக இருந்தது. நீங்கள் எழுத்தறிவு வகுப்பு நடத்தாவிட்டாலும் முறை அதேதான்: பாடத்தின் சொற்கள் மக்களிடமிருந்து வர வேண்டும்.

குறிப்பெடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. யார் எதைச் சொன்னார்கள் என்பதைப் பெயரோடு எழுதி வைக்காதீர்கள். அக்குறிப்பேடு தவறான கைக்குப் போனால் துன்பப்படுவது நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

இரண்டாம் படி: எதைக் கற்பது என்று தீர்மானித்தல்

கேட்டு முடித்ததும் கையில் பத்துப் பதினைந்து பிரச்சினைகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே என்று உங்களுக்குத் தோன்றலாம், அது சரியாகவும் இருக்கலாம். ஆயினும் அந்தப் பெரிய காரணத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவது பயன் தராது. பலருக்கும் பொதுவாக உள்ளதும், சில மாதங்களுக்குள் சிறிதளவேனும் அசைத்துப் பார்க்கக்கூடியதும், யாரோ ஓர் அதிகாரியோ உரிமையாளரோ முடிவெடுக்க வேண்டியதுமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்குத் தெரிந்திருக்க வேண்டியவை எவை என்று பின்னோக்கிப் பட்டியலிட்டால் பாடத்திட்டம் தானாகவே கிடைத்துவிடும்.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துக் கடலோரத் தீவான ஜான்ஸ் தீவில் நடந்தது. வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமானால் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக்காட்ட வேண்டும் என்ற விதியைக் கொண்டு அங்கே கறுப்பின மக்கள் வாக்குரிமையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். வேலைக்குச் செல்வோரைத் தம் பேருந்தில் ஏற்றிச் சென்ற ஈசா ஜென்கின்ஸ் என்பவரிடம் ஒரு பெண் பயணி, எனக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் நான் வாக்காளராவேன் என்று கேட்டார். ஜென்கின்ஸ் பேருந்திலேயே கற்பிக்கத் தொடங்கினார்; அது போதவில்லை. பள்ளி ஆசிரியராக இருந்த செப்டிமா கிளார்க்கும், டென்னசி மாநிலத்தில் 1932-இல் மைல்ஸ் ஹார்ட்டன் முதலியோர் பெரியவர்களின் கல்விக்காகத் தொடங்கிய ஹைலாண்டர் நாட்டுப்புறப் பள்ளியும் துணைக்கு வர, 1957 ஜனவரியில் முதல் குடியுரிமைப் பள்ளி திறக்கப்பட்டது. முன்பக்கம் கூட்டுறவுக் கடை, பின்னறையில் வகுப்பு. வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கண்ணை உறுத்தாமலிருக்கவே அந்த ஏற்பாடு.

ஆசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெர்னிஸ் ராபின்சன் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். அவர் சிகையலங்காரக் கலைஞர், தையல் வேலையும் அறிந்தவர். பயிற்சி பெற்ற ஆசிரியர் பெரியவர்களைச் சிறுவர்களைப்போல் நடத்தக்கூடும் என்ற கவலையால் வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்தார்கள். அவர் முதல் நாள் கொண்டுபோன தொடக்கப்பள்ளிப் பாடப் பொருள்கள் வந்திருந்தவர்களுக்குப் பொருந்தவில்லை என்பதைக் கண்டதும், அவற்றை ஒதுக்கிவிட்டு, நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், வேதாகமத்தைப் படிக்க வேண்டும், அஞ்சல் வழிப் பொருள் வாங்கும் படிவத்தையும் மணியார்டர் படிவத்தையும் நிரப்ப வேண்டும் என்று பதில் வந்தது. அவையே பாடமாயின, அவற்றினூடே வாக்காளர் பதிவுக்குரிய சட்டப் பகுதியும் வந்தது. பதினான்கு பேரோடு தொடங்கிய அவ்வகுப்பின் முறை பின்னர் தென் மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவி, ஆயிரக்கணக்கானோர் வாக்காளர்களாயினர்.

இதில் கவனிக்க வேண்டியது பாடம் தேர்ந்தெடுக்கப்பட்ட விதம். மக்கள் கேட்டதும், அமைப்பின் இலக்கும், எதிரே நின்ற தடையும் மூன்றும் ஒரே புள்ளியில் சந்தித்தன. மணியார்டர் படிவத்தை அற்பமென்று தள்ளியிருந்தால் சட்டப் பகுதியைக் கற்க யாரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

மூன்றாம் படி: படிப்பு வட்டத்தை அமைத்தல்

சிறு வட்டமாகக் கூடிக் கற்கும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. டென்மார்க்கில் குருண்ட்விக் என்னும் பாதிரியாரின் கல்விச் சிந்தனையை ஒட்டி 1844-இல் ரோடிங் என்னும் ஊரில், வயதுவந்தோர் கற்கும் முதல் மக்கள் உயர்நிலைப்பள்ளி தோன்றியது. சுவீடனில் 1902-இல் மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த ஆஸ்கர் ஓல்சன் படிப்பு வட்ட முறையைத் தொடங்கினார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் செயின்ட் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928-இல் ஏற்படுத்திய விரிவாக்கத் துறையின் வழியாக, மோசஸ் கோடி என்னும் பாதிரியார் மீனவர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் படிப்புக் குழுக்களாகச் சேர்த்தார். முதலில் ஊர்ப் பொதுக்கூட்டம், அதன்பின் வீடுகளில் கூடும் சிறு குழுக்கள், அக்குழுக்களிலிருந்து கடன் சங்கமோ கூட்டுறவுப் பதன ஆலையோ எழுவது என்று அங்கே வேலை நடந்தது. படிப்பு, பொருளாதார நடவடிக்கையில் போய் முடிய வேண்டும் என்பது தொடக்கத்திலேயே அனைவருக்கும் சொல்லப்பட்டிருந்தது.

வட்டத்தில் எட்டு முதல் பன்னிரண்டு பேர் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் சிலர் பார்வையாளராகிவிடுவார்கள். இடம், நாள், நேரம் ஆகியவற்றை வரப்போகிறவர்களே தீர்மானிக்கட்டும். யாரால் வர முடியாது என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள். இரவு வேலைக்குச் செல்பவரும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவரும், படியேற முடியாதவரும் விடுபட்டுப்போனால், அமைப்பின் அறிவில் அவர்கள் பங்கு இல்லாமலேயே போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கும் வட்டத்தில் எல்லாவற்றையும் உரக்கப் படிப்பதை வழக்கமாக்கிவிட்டால், தமக்குத் தெரியாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையிருக்காது. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரையும் வரைபடமும், மாதவாரியாக வேலை, நோய், கடன் ஆகியவற்றைக் கூழாங்கற்களால் குறிக்கும் பருவக் கணக்கும் இத்தகைய வட்டங்களில் நன்றாகப் பயன்படுகின்றன. ஒரே குடியிருப்பைப் பெண்கள் வரைவதும் ஆண்கள் வரைவதும் வேறு வேறாக இருப்பதைக் காணும்போது எழும் பேச்சை எந்தச் சொற்பொழிவாலும் எழுப்ப முடியாது.

நான்காம் படி: கேள்விகளை வரிசைப்படுத்தி நடத்துதல்

வட்டத்தை நடத்துபவரின் கையிலுள்ள முதன்மையான கருவி கேள்வி. அதை எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே உரையாடல் ஆழம் பெறுகிறது. ஒரு குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை என்று கொள்வோம். என்ன நடக்கிறது என்ற கேள்வியில் தொடங்குங்கள்: எந்தெந்த நாளில், எந்தப் பகுதிக்கு, எவ்வளவு நேரம் வருகிறது? அடுத்து, அதனால் நமக்கு என்ன ஆகிறது: யார் காத்திருக்கிறார், யாருடைய வேலை கெடுகிறது, யார் விலை கொடுத்து வாங்குகிறார்? அதன்பின், இது ஏன் இப்படி நடக்கிறது என்று கேளுங்கள். கிடைக்கும் முதல் பதிலோடு நிற்காமல், அதற்கு என்ன காரணம் என்று இரண்டு மூன்று முறை தொடர்ந்து போக வேண்டும். பிறகு, இதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் எப்போது எந்த விதியின்படி முடிவெடுக்கிறார் என்பது. கடைசியாக, நாம் என்ன செய்யலாம், அதற்கு முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது.

கடைசிக் கேள்விக்கான பதில்களை உறுப்பினர்களிடையே பிரித்துக்கொடுத்து அடுத்த சந்திப்புக்கு விடையோடு வரச் சொல்லுங்கள். ஒருவர் ஒரு வாரத்துக்குத் தண்ணீர் வரும் நேரத்தைக் குறிக்கட்டும். இன்னொருவர் பக்கத்துப் பகுதியில் எப்படி வருகிறது என்று விசாரிக்கட்டும். இருவர் அலுவலகத்துக்குச் சென்று பொறுப்பதிகாரி யார் என்று கேட்டு வரட்டும். இப்படிச் செய்யும்போது தகவலைக் கொண்டுவருபவராக நீங்கள் இருக்கமாட்டீர்கள், அவர்களே இருப்பார்கள். தாமே திரட்டிய விவரத்தை மக்கள் அதிகாரியின் முன்னால் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

காரணம் தேடும் கட்டத்தில் பழி தங்களுக்குள்ளேயே திரும்பும். நம் ஆட்களுக்கு ஒற்றுமை போதாது, நாம் சோம்பேறிகள், புதிதாகக் குடிவந்தவர்களால்தான் இப்படி ஆயிற்று என்றெல்லாம் பேச்சு வரும். இவற்றை வெட்டிப் பேச வேண்டாம். ஆனால் வந்த பேச்சுதான் முடிவு என்று விட்டுவிடவும் கூடாது. சேகரித்த விவரத்தை எடுத்து வைத்து, புதிதாக வந்தவர்கள் இல்லாத பகுதியிலும் தண்ணீர் இப்படித்தானே வருகிறது என்று கேளுங்கள். நடத்துபவருக்குச் சொந்தக் கருத்தே இருக்கக் கூடாது என்று சிலர் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த உண்மையை மறைத்து மக்களே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பது ஒருவகை நாடகம். தெரிந்ததைச் சொல்லுங்கள், அது எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தவறென்றால் மறுக்க இடம் கொடுங்கள்.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், ஒவ்வொருவராகச் சுற்றிவந்து பேசும் முறையைக் கையாளுங்கள். யாரும் பேசாவிட்டால் இருவர் இருவராகப் பிரித்துச் சில நிமிடம் பேசவிடுங்கள். அமைதியைக் கண்டு பதறி நீங்களே நிரப்பிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஆவணங்களைப் பொதுவில் படித்தல்

மக்களின் நேரடி அனுபவமும் அலுவலகத்தின் காகிதமும் வேறு வேறு கதைகளைச் சொல்லும் இடத்தில்தான் அடித்தட்டு அமைப்புகளின் கல்வி கூர்மை பெறுகிறது. இராஜஸ்தானில் 1990-இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் தொழிலாளர், விவசாயிகள் அமைப்பின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பொதுப்பணிகளில் வேலை செய்தவர்கள் தமக்குரிய குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று முறையிட்டபோது, பதிவேட்டின்படி அவர்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை என்ற பதிலே வந்தது. அப்படியானால் அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்ற கோரிக்கை அங்கிருந்துதான் பிறந்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் பொது விசாரணை நடந்தது. கையில் கிடைத்த கணக்குகளை ஊர் மக்களின் முன்னால் உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், முடிக்கப்படாத கட்டடம் முடிந்ததாகக் காட்டப்பட்டிருந்ததும் இத்தகைய விசாரணைகளில் வெளிவந்தன. பள்ளிக்குச் செல்லாத ஒருவருக்கு வருகைப் பதிவேட்டின் வரிகளைப் படிக்கத் தெரியாமலிருக்கலாம். ஆனால் அதில் படிக்கப்பட்ட பெயருக்குரியவர் அந்நாளில் எங்கே இருந்தார் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு அறிவும் ஒரே பந்தலின் கீழ் சந்தித்ததுதான் அங்கே நடந்த கல்வி. அப்போராட்டம் பெரிதாகி, 2005-இல் தேசிய அளவிலான தகவல் அறியும் உரிமைச் சட்டம் உருவானதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

இதை உங்கள் இடத்தில் செய்யும்போது, முதலில் பிரச்சினையைத் தொடும் காகிதங்கள் எவை என்று கண்டறியுங்கள். வரவு செலவுத் திட்டம், ஒப்பந்தம், பயனாளிகள் பட்டியல், கூட்ட முடிவு, வாடகை உடன்படிக்கை என அது எதுவாகவும் இருக்கலாம். அவற்றை முறைப்படி கேட்டுப் பெறும் விண்ணப்பத்தை உறுப்பினர்களே எழுதட்டும். நீங்கள் எழுதித் தந்தால் வேலை விரைவில் முடியும், ஆனால் அடுத்த விண்ணப்பத்துக்கும் அவர்கள் உங்களையே தேடி வருவார்கள். கிடைத்ததும் மூலப் படியைப் பத்திரப்படுத்தி, நகலில் வேலை செய்யுங்கள். ஒரு பக்கத்தை எடுத்து, யார் எழுதியது, எந்தத் தேதி, எந்தத் தொகை, எந்தப் பெயர், யார் கையொப்பம் என்று மட்டும் முதலில் பாருங்கள். பொருள் விளங்காத சொற்களைத் தனியாக எழுதி, விளக்கத்தை அடுத்த சந்திப்பில் கண்டறியுங்கள். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரில் சென்று, எழுதியிருப்பதும் இருப்பதும் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள்.

பொதுவில் படிப்பதற்கு முன், அதில் பெயர் வரும் ஏழை ஒருவர் தேவையில்லாமல் தலைகுனிய நேருமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். முறைகேட்டுக்குப் பொறுப்பானவரையும், அவருடைய மிரட்டலுக்குப் பயந்து கைநாட்டு வைத்தவரையும் ஒரே தட்டில் வைத்தால் ஊர் இரண்டாகப் பிரியும். குற்றம் சாட்டப்படுபவரைக் கூட்டத்துக்கு அழைத்து விளக்கம் சொல்ல இடமளிப்பதும் முறை.

ஆறாம் படி: ஒத்திகை

அதிகாரியின் அறைக்குள் நுழைந்ததும் நா வறண்டு, சொல்ல வந்தது மறந்துபோவது பலருக்கும் நேர்வது. அறிவு இல்லாததால் வரும் குறை அன்று இது, பழக்கமின்மை. ஆகவே சந்திப்புக்கு முன்பே அதை நடித்துப் பாருங்கள். ஒருவர் அதிகாரியாக அமர்ந்து, நிஜ அதிகாரி என்னென்ன சொல்லித் தட்டிக்கழிப்பாரோ அதையெல்லாம் சொல்லட்டும். வேறு துறையைக் கைகாட்டுவது, நாளை வரச் சொல்வது, உங்களில் ஒருவரை மட்டும் உள்ளே அழைப்பது ஆகிய மூன்றும் நிச்சயமாக வரும். அவற்றுக்கு மறுமொழி முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

1959-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஜேம்ஸ் லாசன் நடத்திய அகிம்சைப் பயிற்சி வகுப்புகளில் இது மிகக் கடுமையாகச் செய்யப்பட்டது. கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாற மறுத்த கடைகளில் அமர்ந்து போராடவிருந்த மாணவர்கள், வகுப்பிலேயே ஒருவரையொருவர் வசைபாடி, தள்ளி, அதைத் தாங்கிக்கொள்ளப் பழகினார்கள். டயேன் நாஷ், ஜான் லூயிஸ் போன்ற பிற்காலத் தலைவர்கள் அந்த வகுப்புகளில் பயின்றவர்கள். 1960 பிப்ரவரியில் நாஷ்வில் கடைகளில் அமர்ந்தபோது அவர்கள் காட்டிய ஒழுங்கு அங்கே பெற்றதே. அவ்வாண்டு மே மாதத்தில் நகரின் மையப் பகுதிக் கடைகள் கறுப்பினத்தவருக்குப் பரிமாறத் தொடங்கின.

ஏழாம் படி: அமைப்பை நடத்தக் கற்றல்

கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது, தீர்மானப் புத்தகம் எழுதுவது, வரவு செலவைப் பதிந்து அனைவருக்கும் படித்துக்காட்டுவது ஆகியவை சலிப்பூட்டும் வேலைகள்தாம். ஆனால் பெரும்பாலான அமைப்புகள் வெளிப்பகையால் உடைவதை விடக் கணக்கில் எழும் சந்தேகத்தால் உடைவதே அதிகம் என்பது என் கருத்து. இப்பொறுப்புகளைச் சுழற்சி முறையில் கொடுங்கள். புதியவர் பொறுப்பேற்கும் முதல் முறை பழையவர் பக்கத்தில் அமர்ந்திருக்கட்டும்.

எட்டாம் படி: நடந்ததை மீண்டும் பார்த்தல்

ஒவ்வொரு நடவடிக்கையும் முடிந்த ஓரிரு நாளுக்குள், சினமும் மகிழ்ச்சியும் ஆறுமுன், மக்கள் மீண்டும் கூட வேண்டும். என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன நடந்தது, வேறுபாடு ஏன், அடுத்த முறை எதை மாற்றுவோம் என்ற நான்கு கேள்விகள் போதும். பேசியதை அன்றே எழுதிவிடுங்கள். வெற்றி பெற்ற பின் இதைத் தவிர்க்கும் பழக்கம் பரவலாக உண்டு. வெற்றிக்கான காரணம் நாம் நினைத்ததுதானா என்று பார்க்காவிட்டால், அதே உத்தியை அடுத்த இடத்திலும் செய்து ஏமாறுவோம். அதிகாரி இணங்கியது நம் கூட்டத்தைக் கண்டா, வரவிருந்த தேர்தலைக் கண்டா என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய நிகழ்வுகள் திடீரென்று நடப்பவைபோல் தோன்றுவதற்கு, அவற்றுக்குப் பின்னால் இருந்த படிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதே காரணம். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்காமரி நகரப் பேருந்தில் கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்ததை, களைத்துப்போன ஒரு பெண்ணின் தற்செயலான மறுப்பாகச் சொல்வது வழக்கம். அவர் 1943 முதலே உரிமை அமைப்பொன்றின் உள்ளூர்க் கிளைச் செயலாளராக இருந்தவர். 1955 கோடையில்தான் ஹைலாண்டர் பள்ளியின் பயிலரங்கில் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். அவர் கைதான இரவே ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் பல்லாயிரக்கணக்கான துண்டறிக்கைகளைப் படியெடுத்து முடித்தார். பேருந்துப் புறக்கணிப்புக்கான திட்டத்தை அவருடைய பெண்கள் அமைப்பு முன்பே வைத்திருந்ததால்தான் அது இயன்றது. புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது.

ஒன்பதாம் படி: கைமாற்றுதல்

முதல் வட்டம் தொடங்கும் நாளிலேயே அதை உங்களுக்குப் பின் நடத்தப்போவது யார் என்று பார்க்கத் தொடங்குங்கள். மூன்றாவது சந்திப்பில் ஒரு கேள்வியை ஓர் உறுப்பினர் நடத்தட்டும். சில வாரங்களில் முழுச் சந்திப்பையும் இருவர் சேர்ந்து நடத்தட்டும். அதன்பின் அவர்கள் வேறோர் இடத்தில் புதிய வட்டத்தைத் தொடங்கட்டும், நீங்கள் அங்கே போகாமலிருங்கள். குடியுரிமைப் பள்ளிகள் பரவியது இப்படித்தான். 1961-இல் அத்திட்டம், மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாட்டின் பொறுப்புக்கு மாறிய பின், ஊர்களிலிருந்து வந்த சாதாரண மக்கள் ஜார்ஜியாவிலிருந்த மையத்தில் பயிற்சி பெற்றுத் தம் ஊருக்குத் திரும்பி வகுப்பு நடத்தினார்கள்.

கல்வி வேலை பயன் தருகிறதா என்று பார்க்க, எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள் என்ற எண்ணிக்கையை நம்பாதீர்கள். நீங்கள் இல்லாத கூட்டத்தில் முடிவு எடுக்கப்படுகிறதா, விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர், சென்ற ஆண்டு பேசாமலிருந்தவர்களுள் யார் இப்போது கேள்வி கேட்கிறார்கள், ஒரு பகுதியில் கற்றது அடுத்த பகுதிக்கு உங்கள் வழியாக அல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். நிதியளிப்பவர்கள் வருகை எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். அதைத் தனியாகக் கொடுத்துவிட்டு, அமைப்புக்குள் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

கைமாற்றுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கற்ற மக்கள் கேள்வி கேட்பார்கள் என்பதை அதிகாரத்தில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். 1964-இல் பிரேசிலில் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃபிரெய்ரேயின் திட்டம் நிறுத்தப்பட்டு, அவர் சிறையிலடைக்கப்பட்டுப் பின் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. டென்னசி மாநில அரசு 1961-இல் ஹைலாண்டர் பள்ளியின் உரிமத்தைப் பறித்துச் சொத்துகளையும் கைப்பற்றியது. ஆனால் குடியுரிமைப் பள்ளிகள் அதற்குள் வேறு கைகளுக்குப் போய்விட்டிருந்ததால் அவை நிற்கவில்லை. ஆகவே உங்கள் பாடக் குறிப்புகளுக்கும் தீர்மானப் புத்தகத்துக்கும் பெற்ற ஆவணங்களுக்கும் நகலெடுத்து, வெவ்வேறு வீடுகளில் மூன்று பேரிடமாவது வையுங்கள். அம்மூவருள் நீங்கள் ஒருவராக இருக்க வேண்டாம். எந்தக் காகிதம் யாரிடம் இருக்கிறது என்பதை ஆண்டுக்கு இருமுறை கூட்டத்தில் சரிபார்த்து, ஊரை விட்டுப் போனவரின் இடத்தில் வேறொருவரை நியமித்துக்கொள்ளுங்கள்.